சிற்றூரில் நீரிழிவும் உடலியக்கமும்

 

நீரிழிவு நகரத்துச் செல்வரைப் பற்றும் நோய், வயலில் உழைப்பவரை அது அண்டாது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவி வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பெற்று, 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு வேறு செய்தியைச் சொல்கிறது. வயது வந்தோரில் நீரிழிவு உடையோர் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 16.4 பேர், ஊர்ப்புறத்தில் 8.9 பேர். ஆனால் நோயின் வாயிலில் நிற்போர் நகரில் 15.4 பேர் என்றால், சிற்றூரில் 15.2 பேர். நாளை நோயாளியாகக் கூடியவர்களின் கணக்கில் நகருக்கும் சிற்றூருக்கும் வேறுபாடு இல்லை.

உழைக்கும் மக்களுக்கு இந்நோய் எவ்வாறு வந்தது? ஏர் இருந்த இடத்தில் டிராக்டரும், ஏற்றம் இருந்த இடத்தில் மின்மோட்டாரும், கதிர் அரிவாள் இருந்த இடத்தில் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. கேழ்வரகும் கம்பும் குறைந்து, வெள்ளை அரிசியே மூன்று வேளை உணவாயிற்று. நடவும் களையெடுப்பும் சில நாள்களில் முடிகின்றன. பின்னர் வாரக்கணக்கில் வேலை இல்லை. ஏழையிடம் உழைப்பு உண்டு. அது நாள்தோறும் அமைவதில்லை.

நாள்தோறும் அமைவதே இங்கு முதன்மையானது. தசை இயங்கும்போது, இன்சுலின் குறைவாக இருந்தாலும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது எடுத்துச் செலவிடுகிறது. இப்பயன் ஓரிரு நாள்களே நிற்கும். ஆகவே ஒருநாள் முழுதும் உழைத்துப் பத்து நாள் அமர்ந்திருப்பவருக்கு அது போதாது. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீரிழிவு உடையோர் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடலாகாது.

‘தினமும் நடங்கள்’ என்று சொல்லுதல் எளிது. மாலையில் ஏரிக்கரையில் விளக்கு இல்லை. பாம்பும் நாயும் உண்டு. தனியே நடக்கும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும். பகலெல்லாம் குனிந்து களையெடுத்தவளை மேலும் அரைமணி நேரம் நடக்கச் சொல்வதும் முறையன்று. வேலையில்லாத நாள்களே அவளுக்குரிய நடைக்காலம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் தெருவிலோ வாசலிலோ பத்து நிமிடம் நடந்தாலே உணவால் ஏறும் சர்க்கரை தணியும். திண்ணையில் பத்து முறை அமர்ந்து எழுவது கால் தசைக்கு வலிமை தரும். தெருப் பெண்கள் நால்வர் சேர்ந்து நடந்தால் அச்சமும் கூச்சமும் அகலும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பாதம். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய காலில் முள் தைத்தாலும் தெரியாது; சிறு புண் சீழ்ப்பிடித்துக் காலையே இழக்க நேரிடலாம். கூலியாளுக்குக் கால் போனால் பிழைப்பும் போயிற்று. செருப்பணிந்தே நடத்தல் வேண்டும். சேற்றில் இறங்கியவர் கரையேறியதும் கால் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, தாழ்சர்க்கரை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றுடன் வயலுக்குச் சென்றால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை உண்ணல் வேண்டும். அதனை முந்தானையில் முடிந்து வைத்திருத்தல் நலம். நோன்பு நாள்களில் மருந்தின் அளவையும் உழைப்பையும் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் தமிழ்நாட்டில் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் நடப்பதற்குரிய பாதையும் வெளிச்சமும் செருப்பும் மாத்திரையோடு வருவதில்லை. அவற்றைத் தருதல் ஊரில் நிலமும் வசதியும் உடைய குடும்பங்களுக்கு இயலாத செயலன்று. களத்திற்கு வருவோர் நேரத்தில் உண்ண இடைவேளை விடுதல், அவர்களுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கித் தருதல், நடைபாதையில் ஒரு விளக்கு எரியச் செய்தல் ஆகிய மூன்றும் சிறு செலவே. மயங்கி விழவிருந்த ஓர் உயிரையும், அறுபடவிருந்த ஒரு காலையும் அவை காக்கக்கூடும். அடுத்த நடவுக்கு முன் இவை தொடங்கட்டும்.