நகரும் வேலி: ஆயக்குடியில் ஆற்றிய ரெட்டைமலை சீனிவாசன் நினைவுரை



நினைவுரை என்றால் அந்தப் பெரியவரின் வாழ்க்கையை வரிசையாகச் சொல்வது வழக்கம். 1859இல் பிறந்தார், 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார், வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார், 1945இல் மறைந்தார் என்று தேர்வுக்குப் படிக்கிற நீங்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வீர்கள். நாங்கள் அவர் செய்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெருவில், பாதையில் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கலாம். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம். அரசு அலுவலகத்துக்குள் போகலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசாணையும் வந்தது.

நூறு ஆண்டு ஆகிவிட்டது. நடக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் நடக்கிற பாதை எங்கே இருக்கிறது? யாருடைய வேலிக்குள் போய்விட்டது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான். இலக்கிய மன்றத்தில் வேலித் தகராறைப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற சண்டையைப் பேசாத இலக்கியம் நமக்கு எதற்கு?

அம்மாச்சியின் நாலடி

எங்கள் தெருவில் ஓர் அம்மாச்சி. அரசு கொடுத்த 3 சென்ட் வீட்டுமனை. 3 சென்ட் என்றால் சுமார் 1,307 சதுர அடி. கிட்டத்தட்ட 36 அடிக்கு 36 அடி. ஓட்டு வீடு, பின்னால் ஆட்டுக் கொட்டகை, ஒரு முருங்கை மரம். கிழக்கே கொய்யாத் தோப்பு. நம் ஊர்க் கொய்யாவைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோப்புகளில் களை எடுத்து, காய் பறித்து, கூடை சுமந்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

தோப்புக்குக் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்து வளர்ந்துவிடும். வேலியை அடைக்கிறோம் என்று வருவார்கள்; புதுப் போத்தைப் பழைய வேலிக்கு உள்பக்கம் நட மாட்டார்கள், வெளிப்பக்கம் நடுவார்கள். ஒரு சாண், அடுத்த முறை ஒரு முழம். அம்மாச்சி ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க சாமி, வேலி எங்க கொட்டகைக்கே வந்திருச்சுங்களே?" பதில் வந்தது: "போன வருசம் இருந்த எடத்துலதான் இருக்கு. உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு."

அவள் பேரன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். டேப்பை எடுத்து அளந்தான். 36 அடி இருக்க வேண்டிய இடத்தில் 32 அடி இருந்தது. நாலடிதானே என்று சொல்லிவிடலாம். நாலடிக்கு 36 அடி 144 சதுர அடி. மொத்த மனையில் ஒன்பதில் ஒரு பங்கு. பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது ஒரு மரம் நிற்கிற இடம். அம்மாச்சிக்கு அது ஆட்டுக் கொட்டகை.

பேரன் மண்வெட்டியைத் தூக்கினான். அம்மாச்சி தடுத்தாள். "நாளைக்கு அந்தத் தோப்புல எனக்கு வேலை வேணும்டா" என்றாள். தோழர்களே, வேலித் தகராறு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் 'முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நட்பாகப் பேசுங்கள்' என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பக்கத்துக்காரரே கூலி கொடுப்பவராகவும், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவராகவும் இருந்தால் அந்தப் பேச்சு சமமானவர்களின் பேச்சு ஆகாது. நம் வேலித் தகராறு இந்த இடத்தில்தான் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுகிறது.

சுவரின் கதை

வேலி இறுகினால் சுவர். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பிறகு தலித் குடியிருப்பைப் பிரித்து நீளமான சுவர் எழுப்பினார்கள். ஊர் ஒப்பந்தப்படி கட்டியது என்றார்கள். கலவரம் முடிந்த கையோடு, பயந்து கிடந்த மக்களிடம் வாங்கிய சம்மதத்தை ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது? 2008இல் அந்தச் சுவரின்மேல் மின்கம்பி ஓடுவது வெளியுலகுக்குத் தெரிந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் எடுத்த போராட்டத்தால் 2008 மே 6 அன்று அரசு நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. முத்தாலம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய 2011 நவம்பர் ஆயிற்று. பாதைக்குத் தடை விழுந்து 19 ஆண்டு, கோயிலுக்கு மேலும் 3 ஆண்டு.

மேட்டுப்பாளையம் நடூரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசம்பர் 2, மழை கொட்டிய விடியற்காலை. குடியிருப்பை ஒட்டி ஒரு தனியார் எழுப்பியிருந்த உயரமான கல் சுவர் ஓட்டு வீடுகளின்மேல் சரிந்தது. 17 பேர் தூக்கத்திலேயே போனார்கள். அந்தச் சுவர் அவருடைய பட்டா நிலத்தில்தான் நின்றது என்று வாதாடலாம். எல்லை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டுவது இந்தப் பக்கம் தூங்குபவரைக் கொல்லக் கூடாது. வேலித் தகராறு என்று காவல் நிலையத்தில் சிரித்து அனுப்பும் எழுத்தருக்கு நாம் நடூரை நினைவுபடுத்த வேண்டும்.

காகிதம் இல்லாத நிலம்

இதற்கெல்லாம் அடியில் நிலம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்த நிலத்தைப் பத்து ஆண்டு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அந்த மக்களுக்குள்ளேயே விற்க வேண்டும். அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். நிலம் போன விதம் பெரும்பாலும் அம்மாச்சியின் வேலி போன விதம்தான்: முதலில் கடன், பிறகு குத்தகை, பிறகு வேலி, கடைசியில் பட்டாவில் வேறொரு பெயர். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் திட்டத்தில் எத்தனையோ கணக்குகளில் அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறியது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெயர் ஏறாமல் போனது.

அம்மாச்சியின் கதையிலும் அதுதான் நடந்தது. பட்டாவைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். தாலுகா அலுவலகத்துக்குப் போனால், "பட்டா கொடுத்தது சரி, கிராமக் கணக்கில் ஏறவில்லையே. உட்பிரிவே இல்லாத மனையை எப்படி அளப்பது?" என்றார்கள். மொத்த காலனிக்கும் ஒரே சர்வே எண். நம் பல ஊர்களில் இதுதான் நிலைமை. ஆகவே இன்றே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

செய்ய வேண்டியவை

எங்கள் அனுபவத்தில் கற்றதை வரிசையாகச் சொல்கிறோம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், பத்திரம் இருந்தால் அதன் நகல். பத்திரத்தில் சக்குபந்தி என்று நான்கு எல்லை எழுதியிருக்கும். எழுதிய அளவுக்கும் நான்கு எல்லைக்கும் முரண் வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு எல்லையையே பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. மனை கணக்கில் ஏறவில்லை என்றால் அதற்குத்தான் முதல் மனு. ஒருவர் தனியாகப் போகாமல் தெருவே சேர்ந்து கொடுக்க வேண்டும். நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அடுத்து அளவை. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் சர்வேயர் வருவார். பக்கத்து நிலக்காரருக்கும் நோட்டீஸ் போயாக வேண்டும். அளக்கிற அன்று நம் பக்கம் நாலு பேர் நிற்க வேண்டும்; எந்தக் கல்லிலிருந்து அளந்தார், எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்ள வேண்டும். சர்வே கல்லைப் பிடுங்குவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை இருந்தது, இன்றைய புதிய சட்டத்திலும் அது குற்றமே. சர்வேயரின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு உண்டு. 1923ஆம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட எல்லையை எதிர்த்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகாவிட்டால் அந்தக் கோடு உறுதியாகிவிடும். சும்மா இருப்பதும் ஒரு கையெழுத்துதான்.

மூன்றாவது, காலம். சட்டப்படி இல்லாமல் நம்மை நிலத்திலிருந்து வெளியேற்றினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். பட்டா யார் பெயரில் என்ற கேள்வியே அங்கே எழாது. தடத்துக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது: 20 ஆண்டு தடையின்றி, உரிமையாக நடந்த பாதையை அடைக்க முடியாது. பழைய இட்டேரியில் நடந்த கிழவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள்.

நான்காவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சாதியினருக்குச் சொந்தமான, அவர்கள் கையில் உள்ள, அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தை முறைகேடாகப் பிடிப்பது அதில் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை இன்னும் விரிவாக்கியது. நிஜமாகப் பொருந்துகிற இடத்தில் அதைக் கையில் எடுக்கத் தயங்க வேண்டாம். பொருந்தாத இடத்தில் எடுத்து அதன் கூர்மையை மழுக்கவும் வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று உட்கார வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும்.

ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால்? போகலாம். ஆனால் நின்றுகொண்டு பேசச் சொன்னால் திரும்பிவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். சமாதானம் ஏற்படுமானால் அதை லோக் அதாலத்தில் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

நம் பக்கத்து வேலி

அம்மாச்சியின் மனையை அளந்தார்கள். கணக்கில் ஏற்றவே நெடுநாள் ஆயிற்று. அதுவரை அவளுக்கு அந்தத் தோப்பில் வேலை இல்லை. தெருப் பெண்கள், "அவளைக் கூப்பிடாவிட்டால் நாங்களும் வரவில்லை" என்று காய் பறிக்கும் பருவத்தில் சொன்ன பிறகுதான் வேலை திரும்பியது. கிழக்கே நாலடி உறுதியானது. கிளுவையைப் பிடுங்கிப் பின்னால் நட்டார்கள்.

ஆனால் சர்வேயர் சங்கிலியை மேற்கே இழுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அம்மாச்சியின் குளியல் தடுப்பு, பக்கத்து வீட்டு மனைக்குள் ஒன்றரை அடி நின்றது. பக்கத்து வீடு அருந்ததியர் குடும்பம். எத்தனையோ ஆண்டாக அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அம்மாச்சியும் நாமும் காதில் போட்டுக்கொண்டதில்லை. பேரன் தலை குனிந்தான். சிலர், "இப்போது எதற்கு அதைக் கிளப்ப வேண்டும், எதிராளி சிரிப்பான்" என்றார்கள். அம்மாச்சிதான் சொன்னாள்: "அவன் என்னைக் கேக்காம எடுத்தான். நான் இவங்க கேட்டும் குடுக்கல. எது பெரிய தப்பு?" மறுநாளே தடுப்பைப் பிரித்தாள்.

இதை மேடையில் சொல்ல எங்களுக்குக் கூச்சம்தான். ஆனால் 2018இல் மதுரை மாவட்டம் சந்தையூரில் கோயிலைச் சுற்றி எழுந்த சுவரை எதிர்த்து, அருந்ததியர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறி மாதக்கணக்கில் போராடினார்கள். அந்தச் சுவரைக் கட்டியவர்களும் தலித்துகளே. உத்தப்புரத்துச் சுவருக்கு ஒரு நியாயமும் சந்தையூர்ச் சுவருக்கு வேறொரு நியாயமும் நம்மிடம் இருக்க முடியாது. இருந்தால் ரெட்டைமலை சீனிவாசன் பெயரைச் சொல்ல நமக்கு வாய் கிடையாது. எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடக்கலாம் என்பதுதான் அவர் தீர்மானம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளை கிராம நிர்வாக அலுவலர் ஆவீர்கள், சர்வேயர் ஆவீர்கள், தாலுகா அலுவலகத்தில் உட்காருவீர்கள். அப்போது தகரப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய பட்டாவோடு ஒரு கிழவி வந்து நிற்பாள். அவளுக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். பிறகு கணக்கை எடுங்கள். அதுவரைக்கும், இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு மனைக்கும் காகிதம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிழக்கு எல்லையை எழுதுகிற அதே பேனாவால் மேற்கு எல்லையையும் எழுதுங்கள்.