முடிவு தெரிந்த பின்னும்



1960ஆம் ஆண்டில் அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' திரைக்கு வந்தபோது, படம் ஆரம்பித்த பின்னர் எவரையும் அரங்கினுள் அனுமதிக்கலாகாது என்று அவர் நிபந்தனை விதித்தார். முடிவை வெளியில் சொல்ல வேண்டாமென்றும் இரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். இன்று அந்த இரகசியம் ஊரறிந்தது. ஆயினும் நான் அப்படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். மர்மம் அவிழ்ந்த பின்னும் எஞ்சி நிற்பது எது?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பாதையோர விடுதியை நடத்தும் நோர்மன், கொலையுண்ட பெண்ணின் உடலைக் காரில் வைத்துச் சேற்றுக் குட்டையில் தள்ளிவிடுகிறான். கார் மெல்லத் தாழ்கிறது, இடையில் நின்றுவிடுகிறது. அவன் திகைக்கிறான். நாமும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். கார் மீண்டும் தாழ்ந்ததும் நமக்கும் ஒரு நிம்மதி! சற்று முன்னர்தான் அந்தப் பெண்ணுக்காகப் பதறினோம். இப்போது தடயத்தை மறைப்பவன் பக்கம் நிற்கிறோம்.

1954இல் வெளியான 'ரியர் விண்டோ'விலும் இதுவே நிகழ்கிறது. கோர்னெல் வூல்ரிச்சின் சிறுகதையிலிருந்து பிறந்த படம் அது. கால் முறிந்த புகைப்படக்காரன் ஒருவன் யன்னலூடாக அயல்வீடுகளை நோக்குகிறான். எதிர்வீட்டில் கொலை நடக்கவில்லைப் போலும் என்றானதும் ஏமாற்றமடைகிறான். நாமும்தான். ஒரு பெண் உயிரோடிருக்கிறாள் என்பதற்காகவா ஏமாற்றம்?

கொலையாளி யார் என்ற கேள்விக்கு ஒருமுறை விடை கிடைத்தால் போதும். பார்த்துக்கொண்டிருக்கும் நான் யார் என்ற கேள்வியோ ஒவ்வொரு முறையும் எழுகிறது. இப்படங்கள் மூப்படையாதிருப்பது அதனாற்றான் என்பது என் துணிபு.