வலியை மறைப்பது பொறுமையன்று



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

முதுகுத்தண்டில் வட்டு விலகி, அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியோர் நம் மஹல்லாக்களில் பலர் உள்ளனர். தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்ததென அவர்களும் குடும்பத்தாரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் மீதிச் சிகிச்சை வீட்டாரின் கையில் இருக்கிறது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம் அல்லவா?

வலியைச் சகிப்பதே ஸப்ர் என்று கருதி மாத்திரையைத் தவிர்ப்போர் உண்டு. சிந்தித்துப் பாருங்கள்! வலி மிகுந்தால் நோயாளி நடக்கமாட்டார். ஆழ்ந்து மூச்சுவிடவும் தயங்குவார். நடை நின்றால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். நடக்க வைப்பதற்காகவே வலி தணிக்கப்படுகிறது. ஆகவே வலி முற்றும் வரை காத்திராமல், மருத்துவர் குறித்த வேளையில் மருந்து உண்ணுங்கள்.

அளவையும் மீறாதீர்கள். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டலாகாது. கல்லீரல் நோயாளிகளுக்கு அதனினும் குறைவு. சளி மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருக்கலாம். டிரமடால் போன்றவை தூக்கத்தையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். அந்நாட்களில் வாகனம் ஓட்டாதீர்கள், தண்ணீரும் கீரையும் பழமும் அதிகம் கொள்ளுங்கள். நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தாதீர்கள். எலும்பை இணைத்து ஸ்க்ரூ பொருத்தியவர்கள் டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி உண்ண வேண்டாம். எலும்பு கூடுவது தாமதப்படலாம். புகைப்பழக்கமும் அவ்வாறே கெடுக்கும்.

மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். எனவே மருத்துவர் குனியக் கூடாதென்று தடுத்திருக்கும் வாரங்களில், நாற்காலியில் அமர்ந்து சைகையால் ருகூஉ, ஸுஜூது செய்பவரை ஏளனமாக நோக்காதீர்கள். உளூவின்போது தந்தையின் கால்களை மகன் கழுவிவிடட்டும்.

குடும்பத்தாரே! அனுமதி கிடைக்கும் வரை தண்ணீர்க் குடமோ, அரிசி மூட்டையோ, பேரக்குழந்தையோ தூக்க விடாதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது உடலை முறுக்காமல், ஒருபக்கமாகப் புரண்டு, கையூன்றி எழட்டும். எண்ணெயிட்டு நீவிவிடுதல் வேண்டாம். பத்தாம் நாளே அடுப்படிக்குத் திரும்பும் தாயைத் தடுப்பது பிள்ளைகளின் கடமை. அவர் கேட்கமாட்டார், நீங்களே அவ்வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வலி போய்விட்டதென மறுபரிசோதனையைக் கைவிடாதீர்கள். எலும்பு கூடப் பல மாதங்களாகும். அதை எக்ஸ்ரே போன்ற பரிசோதனையில்தான் அறிய முடியும். கால் மரத்துப்போதலும் மெதுவாகவே தணியும்.

100.4 டிகிரி காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது கசிவு, கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள். சிறுநீர் பிரியாமை, மலம் கட்டுப்படாமை, தொடைகளின் இடுக்கு மரத்தல், கால் புதிதாக வலுவிழத்தல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எனில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வெட்கத்தால் இவற்றை மறைத்து, விடியட்டும் என்று காத்திருப்பவர் வாழ்நாள் முழுதும் நடையை இழக்கக்கூடும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு நற்கூலியையும் அருள்வானாக! ஆமீன்.