எருக்கலைக்கு ஓரிடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைக் கரைகளில் தானாக முளைக்கும் எருக்கலையைக் களையென்று வெட்டுவோர், வெந்தய வரியன் என்னும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடியையே அழிக்கின்றனர். அதன் புழு, எருக்கம்பாலில் உள்ளதும் இதயத்தைத் தாக்குவதுமான கார்டினோலைடு என்ற நச்சை உடலில் சேமித்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திச் சுவைத்த பறவை பின்னர் அந்நிறத்தைக் கண்டாலே விலகுகிறது. நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண்பூச்சி இதே நிறத்தைப் போர்த்துத் தப்புவது நல்ல சாமர்த்தியந்தான்.

முற்றத்தில் நாட்டுச்செடி வளர்ப்போர், தேன் தரும் பூவையும் புழுவுக்கு இலை தரும் உணவுச்செடியையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஆவரசின் மஞ்சட்பூவில் தேன் இல்லையாயினும், அதன் இலையில் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. தேன்சிட்டும் தன் குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டுவதால், பூச்சிமருந்து தெளித்த முற்றத்தில் பூ மட்டும் மிஞ்சும். குஞ்சுக்கு இரை மிஞ்சாது.