இரு பண்பாடுகளின் நடுவே

பிள்ளைக்குப் பொருளை வைத்துச் செல்வது எளிது. அதற்கு ஓர் உறுதிப் பத்திரம் போதும். முன்னோர் பண்பாட்டை வைத்துச் செல்வதோ அத்துணை எளிதன்று. பிள்ளை பிறந்த மண் ஒன்றாகவும் பாட்டன் பிறந்த மண் வேறொன்றாகவும் இருப்பின், பெற்றோரின் பொறுப்பு இருமடங்காகின்றது. சிங்கப்பூர்ச் சீனராகிய டொக்டர் லிம் பூன் கெங் அவர்களின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும்.

அவருடைய பாட்டனார் 1839ஆம் ஆண்டில் சீன நாட்டின் பூக்கியன் மாகாணத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். பேரன் 1869இல் சிங்கப்பூரிற் பிறந்தார். மலாயாக் கரையோர நகரங்களிற் பல தலைமுறையாக வாழ்ந்த இத்தகைய சீனரைப் 'பாபா' என்றும், அவர்தம் பெண்டிரை 'நோன்யா' என்றும் வழங்குவர். அவர்கள் இல்லங்களில் முன்னோர்க்குப் படையலும் ஊதுபத்தியும் உண்டு. வசந்த காலத்திற் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடும் சிங்மிங் நாளும் உண்டு. ஆயினும், அடுக்களையில் மணப்பன தேங்காய்ப்பாலும் மிளகாயும். தாய் பேசுவது மலாய். பள்ளியிற் கற்பது ஆங்கிலம். சடங்கு எஞ்சியது, அதன் பொருளை எடுத்துரைக்கும் மொழி நழுவியது.

1887இல் மகாராணியார் புலமைப்பரிசில் பெற்ற லிம், வைத்தியம் பயில எடின்பரோ சென்றார். அங்கே சீன எழுத்துச் சுருளொன்றை அவரிடம் கொடுத்துப் பொருள் கேட்டனர். அவரால் அதனைப் படிக்க இயலவில்லை. சீனத்திலிருந்து வந்த மாணவரும் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை. அந்த நாணமே அவருக்கு ஆசானாயிற்று.

1893இல் ஊர் திரும்பியவர், சீனம் கற்பதில் ஊக்கங்கொண்டார். 1899இல் மண்டரின் வகுப்புகளையும் தொடங்கினார். குடும்பத்தின் முதல் ஆசிரியை தாயே என்பதை உணர்ந்து, அவ்வாண்டிலேயே நண்பர் சோங் ஓங் சியாங்குடன் சீனப் பெண்கள் பாடசாலையை நிறுவினார். அதே வேளை, ஆடவர் பின்னல் சடையைக் களைய வேண்டுமென்றும் வாதாடினார். அச்சடை 1645இல் மஞ்சு ஆட்சியாளர் சீனர்மீது சுமத்தியதன்றோ! பழையன யாவும் மரபல்ல; ஆராய்ந்து கொள்வதே மரபைப் போற்றும் முறை. எழுத்துச் சுருளைப் படிக்க இயலாதிருந்த அவரே, பின்னர் அமோய் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சூ யுவானின் 'லி சாவோ' என்னும் பழங்காவியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து 1929இல் வெளியிட்டார். அந்நூலுக்குக் கவி தாகூரும் முன்னுரை வழங்கினார்.

ஆனால் பாடசாலை ஒன்றே இப்பணியை நிறைவேற்றிவிடுமா? 1979இல் சிங்கப்பூர் அரசாங்கம் மண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. காலப்போக்கில் பேரப்பிள்ளைகள் மண்டரின் கற்றனர். ஹொக்கியனும் தியோச்சியூவும் வீடுகளில் மங்கின. சீனமறிந்த பேரனும் சீனப் பாட்டியும் ஒரே மேசையிலிருந்து, ஒருவர் பேச்சை மற்றவர் அறியாது உணவருந்தும் நிலை பல வீடுகளில் உண்டாயிற்று.

பண்பாடு பாடப்புத்தகத்தில் மட்டும் உறைவதன்று. கல்லறையிற் புல்லைக் களையும்போது, அங்கே துயில்பவர் யார், எவ்வாறு கடல் கடந்தார் என்று பிள்ளைக்குச் சொல்லல் வேண்டும். பாட்டியின் மொழியிற் பத்துச் சொல்லேனும் அதன் நாவிற் பழகவேண்டும். பிறந்த மண்ணின் மொழியையும் அப்பிள்ளை தயக்கமின்றிப் பேசட்டும். இரு கரையும் உடைய ஆறே நேரே ஓடும்.