யாருக்காக இந்த ஓட்டம்?



பார்பரா வின்ட்சர், இங்கிலாந்து நாடே அறிந்த திரைப்பட, தொலைக்காட்சி நடிகை. வசனங்களை மனப்பாடம் செய்து வாழ்ந்த அவருக்கு 2014-ஆம் ஆண்டில் அல்சைமர் என்னும் மறதி நோய் கண்டறியப்பட்டது. கணவர் ஸ்காட் மிட்செல் உடனிருந்து பேணினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அத்துயரம் பொதுமக்கள் அறியாமல் இருந்தது. 2018-இல்தான் அது உலகறியச் சொல்லப்பட்டது.

மறு ஆண்டு ஏப்ரல் 28 அன்று, 42.195 கிலோமீட்டர் தொலைவுடைய இலண்டன் மாரத்தானில் ஸ்காட் ஓடினார். மனைவி நடித்த தொலைக்காட்சித் தொடரின் நடிகர்கள் சிலரும் ஓடினர். மறதி நோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதே நோக்கம்.

இத்தகைய ஓட்டத்தில் ஓடுபவர் உற்றாரிடமும் நண்பரிடமும் நன்கொடை வேண்டுவார். ‘யாருக்காக ஓடுகிறீர்கள்?’ என்று அவர்கள் வினவுவர். அதற்கு விடை சொல்லும்போதே, வீட்டுக்குள் மறைத்து வைத்த துயரம் வெளிவருகிறது. திரளும் பொருளினும் இப்பயன் சிறிதன்று.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஓட்டம் ஒரு நாளில் முடியும். பேணுவோர்க்கோ ஒவ்வொரு நாளும் ஓட்டமே. ஓடுவோரைப் போற்றும் சுற்றத்தார், இரவெல்லாம் விழித்துத் தாயைக் காக்கும் மகளுக்கு ஒரு பொழுதேனும் ஓய்வு தரவேண்டும். முதியவர் பெயரும் வழியும் மறந்தால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று ஒதுக்காமல், நாணி மறைக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அவர் மறந்தாலும் அவரை மறவாதிருப்பதே அறம்.