தாவர உணவுப் பொருள்களும் இணைய விற்பனையும்

(கரவனெல்லையில் மாதர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



பலாவும் தென்னையும் கித்துளும் செழித்து வளரும் களனி கங்கைக் கரையில் நாம் வாழ்கின்றோம். ஆயினும் பலாக்காய்களுட் பல மரத்தடியில் வீழ்ந்து அழுகுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி, தாவரப் பொருள்களையே உண்போர் உலகெங்கும் உளர். 1944 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இத்தகையோர் ஒரு சங்கம் அமைத்து, தம்மை ‘வீகன்’ என அழைத்துக்கொண்டனர். இறைச்சிக்குப் பதிலாகப் பலாப்பிஞ்சும், பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும், தேனுக்குப் பதிலாகக் கித்துள் பாணியும் இவர்களுக்கு ஏற்றவை.

இப்பொருள்களை இணையத்தின் வாயிலாக விற்கலாமா என உங்களிற் சிலர் என்னைக் கேட்டீர்கள். விற்கலாம். ஆனால் கடையைத் திறக்குமுன் பொருளைச் செப்பஞ்செய்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் விற்பனைப் பக்கமொன்றை ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம். மாதக்கணக்கிற் கெடாத பொருளை ஆக்குதற்கோ பழக்கமும் பொறுமையும் வேண்டும். வாங்குபவர் நம் முகத்தையோ சமையலறையையோ காண்பதில்லை; பொதியையும் அதன்மேலுள்ள எழுத்தையுமே நம்புகின்றார்.

முதலில் ஒரே பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடங்குவோர்க்கு உலர்ந்த பலாப்பிஞ்சு ஏற்றது. பிஞ்சைத் தோல் சீவிச் சம அளவான துண்டுகளாக வெட்டி, கறுக்காதிருக்கத் தேசிக்காய்ச் சாறு கலந்த நீரில் உடனே இடுக. பின்னர் கொதிநீரிற் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்து, நீரை வடித்து, ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பத்தில் உலர்த்துக. நமது பகுதி மழை மிகுந்ததாகையால் வெயிலை மட்டும் நம்புதல் ஆகாது; அரைகுறையாக உலர்ந்தவற்றிற் பூஞ்சணம் பற்றும். துண்டு வளையாது ஒடியும் பதம் வந்ததும் ஆறவிட்டு, காற்றுப்புகாத பைகளில் அடைக்க.

10 கிலோ துண்டுகளில் 8 கிலோ நீராயின், உலர்ந்தபின் எஞ்சுவது 2 கிலோவுக்குச் சற்று மேலாகும். அனுப்பும் செலவு நிறையைப் பொறுத்ததாகையால் இது பெரும் ஆதாயம். ஆயின் விலை குறிக்கும்போது இக்குறைவையும், விறகு அல்லது மின்சாரம், பை, உங்கள் உழைப்பு ஆகியவற்றையும் கணக்கிற் சேர்க்க மறவாதீர்கள்.

போத்தலில் அடைத்து விற்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நான் உப்புநீரிலிட்டு அடைத்த போத்தல்கள் சில, ஒரு வாரத்தில் மூடி உப்பி நின்றன. அவற்றைப் புதைத்ததோடு காரியம் முடிந்தது. விற்றிருப்பின் ஓர் உயிர் போயிருக்கலாம். புளிப்புக் குறைந்த காய்கறியைக் காற்றுப்புகாது அடைக்குமிடத்து, கொதிநீரிலும் அழியாத கிருமி வித்துக்கள் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். மூடி உப்பாமலும் நஞ்சு இருக்கலாம். ஆகவே முறையான பயிற்சி பெறுமுன் இம்முயற்சியில் இறங்காதீர்கள். கன்னொறுவையிலுள்ள எமது திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவினரிடம் ஆலோசனை கேளுங்கள்.

அடுத்து, சொல்லில் நேர்மை வேண்டும். நெய்யையும் தயிரையும் நாம் சைவமெனக் கொள்வோம், இவர்கள் கொள்ளார். சம்பலில் சிறிதளவு மாசி சேர்ந்தாலும், நெய் காய்ச்சிய சட்டியைக் கழுவாது பயன்படுத்தினாலும் நாம் வாக்குத் தவறியவராவோம். சீனி கலந்த பாணியைத் தூய கித்துள் பாணி என்பதும் அத்தகையதே. பலாப்பிஞ்சு மெல்லுதற்கு இறைச்சியை ஒத்ததாயினும் புரதத்தில் அதற்கு நிகரன்று. 100 கிராம் பச்சைப் பிஞ்சிற் சுமார் 2 அல்லது 3 கிராம் புரதமே உண்டு. மிகைப்படுத்தி எழுதற்க.

பொதியின்மேல் பொருளின் பெயர், சேர்பொருள்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, உற்பத்தியாளரின் பெயர், முகவரி ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும், வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி ருவான்வெல்லப் பிரதேச செயலகத்திலும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

தோட்டத்து லயங்களில் வாழும் சகோதரிகளுக்குத் தனியே இரண்டு சொற்கள். தோட்டக் காணியிலுள்ள மரத்தின் காயை எழுத்துமூல அனுமதி பெற்றே பறியுங்கள். பல தோட்டங்களில் லய வீடுகளுக்குத் தனி முகவரி இன்மையால், திரும்பிவரும் பொதி தோட்ட அலுவலகத்தில் தங்கிவிடக்கூடும். ஐந்தாறு பேர் குழுவாகச் சேர்ந்து, கடைவீதியில் நம்பிக்கையான ஒருவரின் இணக்கத்துடன் பொது முகவரி ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கடன்பட்டு இயந்திரம் வாங்குமுன் இருபது பொதிகள் மட்டும் ஆக்கிப் பாருங்கள். அவற்றில் சிலவற்றை வீட்டிலேயே வைத்து, மாதம் ஒன்றாகத் திறந்து மணமும் நிறமும் பதமும் மாறாதிருக்கின்றனவா எனச் சோதியுங்கள். உங்கள் பிள்ளைக்கு அச்சமின்றிக் கொடுக்கக்கூடிய பொருளையே பிறர்க்கும் அனுப்புங்கள்.